காதுக்கல்

ஜனவரி முதல் வாரம். ட்ரோம்சோவில் சூரியன் எழுவதில்லை.
பதினொன்றரைக்கு ஜன்னலில் கொஞ்சம் நீலம் வரும்,
தேநீர் ஆறுவதற்குள் போய்விடும்.
மற்றபடி அறையில் வெளிச்சம்
இரண்டு நுண்ணோக்கிகளுக்கு அடியில் மட்டும்.

ஒன்றில் டோர்குன். இன்னொன்றில் ஐஸ்டைன்.
நடுவே காகித உறைகள், ஆயிரத்துச் சொச்சம்.
ஒவ்வொன்றிலும் ஒரு காட் மீனின்
தலைக்குள்ளிருந்து எடுத்த இரண்டு கற்கள்.
புளியங்கொட்டை அளவு. பால்பல் நிறம்.

இதை வைத்துத்தான் மீன் கேட்டது.
இதை வைத்துத்தான்
வெளிச்சம் இறங்காத பாரென்ட்ஸ் கடலின் ஆழத்தில்
மேல் எது கீழ் எது என்று அறிந்தது.

பட்டினி வந்தால் உடம்பு தன்னையே தின்னும்,
முதலில் கொழுப்பு, பிறகு தசை,
செதிலின் ஓரத்தைக்கூடக் கரைத்துக்கொள்ளும்.
கல்லைத் தொடாது.
அதன்மேல் நாளுக்கொரு சுண்ணாம்புப் பூச்சு
கோடையில் வெள்ளையாய், அகலமாய்;
குளிரில் மெலிந்து, கருத்து.

டோர்குன் கல்லை இரண்டாக உடைக்கிறாள்.
டக்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்போமே,
இவர்கள் எண்ணெயைக் கல்லில் விடுகிறார்கள்.
முறிந்த முகம் மினுங்க
உள்ளேயிருந்து எழுந்து வருகின்றன வளையங்கள்.

எண்ணுவதற்கும் சட்டம் உண்டு.
பூமியின் வடபாதியில் எல்லா மீனுக்கும்
ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள்.
நான் பொரிந்தது ஏப்ரலில் என்று
எந்த மீனும் வழக்குப் போட்டதில்லை.

உறை எண் 614.
நீளம் எண்பத்தொரு சென்டிமீட்டர். பெண்.
எட்டு என்று எழுதித் தாளை மடித்தாள் டோர்குன்.
அவன் தாளில் ஒன்பது.

சண்டை ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில்.
மயிரிழைக் கருப்பு ஒன்று
பாதி வட்டம் ஓடி மங்கிப்போகிறது.
அது ஒரு பனிக்காலமா,
கேப்லின் கூட்டம் வராமல் போன கோடையில்
வயிறு ஒட்டிக் கிடந்த சில வாரங்களா?

'அது வருஷமில்லை, ஐஸ்டைன். கஷ்டம்.'
'கஷ்டம் இவ்வளவு ஒழுங்காகவா வளையும்?'

பதினோரு ஆண்டுகளாக ஒரே அறை.
இதைவிட நீளமாக அவர்கள் பேசியது அபூர்வம்.

எட்டு வயதுக்காரிகள் எத்தனை, ஒன்பது எத்தனை,
அந்தக் கணக்கின் மேல்தான்
லொஃபோதென் படகுகளுக்கு அடுத்த ஆண்டின் டன்கள் எழுதப்படும்.
ஆகவே படத்தை பெர்கனுக்கு அனுப்பினார்கள்.
மூன்றாவது கண், ஹால்டிஸ், மறுநாள் எழுதினாள்:
எட்டு. அல்லது ஒன்பது. சத்தியம் செய்யமாட்டேன்.

வியாழக்கிழமை ஐஸ்டைன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.
அறை அவனோடு எழவில்லை, சுழன்றது.
மேசையைப் பிடித்தான், மேசையும் சுழன்றது.
தரை இருந்த இடத்தில் ஜன்னல்.
முழங்கையில் ஒரு கை மட்டும் அசையாமல் இருந்தது.
டோர்குனுடையது.

மருத்துவர் அவன் தலையை இரு கையாலும் ஏந்தி
மெல்லச் சாய்த்து, காத்திருந்து, திருப்பி, மறுபடி காத்திருந்து
காதுக்குள் வழிதவறிய துகள்களை
அவற்றின் பைக்கே கொண்டுபோய் விட்டார்.
'என்ன துகள்?'
'சுண்ணாம்பு' என்றார் அவர்.
படுத்தவாக்கில் ஐஸ்டைன் சிரித்த சிரிப்பு
அவருக்கு விளங்கவில்லை.

திங்களன்று வந்தான். கோட்டைக் கழற்றாமலே சொன்னான்:
'எனக்கும் இருக்கிறது, டோர்குன். ரெண்டு காதிலும்.
ஆனால் வளையம் கிடையாதாம். வெறும் பொடி.'

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
'நல்லதாய்ப் போயிற்று' என்றாள்.

ஜன்னலில் நீலம் வந்து நின்றது,
முந்தைய வாரத்தைவிட ஒரு மடக்குத் தேநீர் அதிகம்.
614-இன் எண்ணெயைத் துடைத்து, இரண்டு பாதியையும் உறையிலிட்டு,
வயதுக் கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.

615.
டக்.